மர டன்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் நான் அசடு வழிய நின்ற கதையிலிருந்து தொடங்குகிறேன். சிவில் பொறியியல் முடித்து, சைட் இன்ஜினியராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. பகாங்கில் ஆற்றோரப் படகுத்துறை ஒன்றைப் பழுதுபார்க்கும் வேலை. உளுத்துப்போன மர உத்திரங்களைக் கழற்றிவிட்டுப் புதிய பாலாவ் உத்திரங்களைப் போட வேண்டும். மரம் லோரியில் வந்து இறங்கியது. டெலிவரி ஆர்டரில் '2 டன்' என்று இருந்தது. கிரேன் நின்ற இடத்திலிருந்து உத்திரம் போய்ச் சேர வேண்டிய தூரத்துக்கு அந்த கிரேன் இரண்டரை டன் தூக்கும் என்று அதன் அட்டவணை சொன்னது. அரை டன் மிச்சம் இருக்கிறது, ஒரே கட்டாகத் தூக்கிவிடலாம், நேரமும் மிச்சம் என்று கையெழுத்துப் போட்டேன்.

கட்டு தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் கிரேனில் அலாரம் அலறியது. ஓட்டுநர் அதை மெல்ல இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்.

"தம்பி, எத்தன டன்னு போட்டிருக்கு?"

"ரெண்டு டன், அண்ணே."

"எந்த டன்னு? எடை டன்னா, மர டன்னா?"

எனக்கு விளங்கவில்லை. டன்னில் என்ன இரண்டு வகை என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. "மரக்கடைக்காரன் டன்னு அம்பது கன அடி, தம்பி. தராசு டன்னு இல்ல. இதுகூடவா சொல்லித் தரல?" என்றார்.

சொல்லித் தரவில்லை. கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு மர டன் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். பாலாவ் நன்றாகக் காய்ந்த நிலையிலேயே கன மீட்டருக்கு 850 கிலோவிலிருந்து 1,150 கிலோவரை இருக்கும். ஆக அந்தக் கட்டு 2,400 கிலோவாகவும் இருக்கலாம், 3,200 கிலோவைத் தாண்டியும் இருக்கலாம். எங்களுடையது புதிதாக அறுத்த மரம், முந்தைய நாள் மழையில் நனைந்தது வேறு. மூன்று கட்டாகப் பிரித்துத் தூக்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அலாரம் அடித்தபோது கட்டு ஆடாமல் இருக்கக் கயிறு பிடித்துக்கொண்டு இரண்டு பேர் அதன் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அன்று இரவு அவர்கள் நின்ற இடம்தான் கண்ணில் வந்துகொண்டிருந்தது.

எடையைச் சொல்லாத ஒரு டன் எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன்.

*

டன் பிறக்கும்போது எடையாகப் பிறக்கவில்லை. இங்கிலாந்தில் அது ஒரு பெரிய மதுப்பீப்பாயின் பெயர். 252 வைன் கேலன் கொள்ளும் பீப்பாய். ஒரு கப்பலில் இப்படி எத்தனை பீப்பாய் அடுக்கலாம் என்பதுதான் அந்தக் கப்பலின் அளவு. நிரம்பிய பீப்பாயின் கனத்தை ஒட்டித்தான் பின்னால் எடை டன் வந்தது, 2,240 பவுண்டு என்று நிலைத்தது. கப்பல்காரர்கள் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. கப்பலின் பதிவு டன் என்றால் 100 கன அடி இடம்தான். சரக்குக் கட்டணம் பேசும்போது டன் என்பது 40 கன அடி. பஞ்சு மூட்டையும் இரும்புக் கம்பியும் கப்பலுக்கு ஒன்றல்ல. முதலாவது இடத்தை அடைக்கிறது, இரண்டாவது பாரத்தை ஏற்றுகிறது. இடம் விற்பவனுக்கு இட அளவில் ஒரு டன் தேவைப்பட்டது.

மரமும் கப்பலில் போன சரக்குதான். பிரிட்டிஷ் மர வணிகத்தில் சதுரமாகச் செதுக்கிய மரத்துக்கு 50 கன அடி ஒரு 'லோடு'. பர்மாத் தேக்கு வணிகத்தில் அதே 50 கன அடிக்கு டன் என்று பெயர். இது வெறும் பெயர் மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தேக்கின் அடர்த்தியை வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். காய்ந்த தேக்கு கன மீட்டருக்கு 650 முதல் 700 கிலோ. 50 கன அடி என்பது 1.416 கன மீட்டர். விடை 920 முதல் 990 கிலோ. ஏறக்குறைய ஒரு டன்! தேக்கைப் பொறுத்தவரை மர டன்னும் எடை டன்னும் அண்ணன் தம்பி. அதே பெயரைத் தேக்கைவிடக் கனமான மரங்கள் வளரும் நாட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் இரண்டும் பிரிந்து போயின.

*

கணக்கின் இன்னொரு பாதி எட்வர்ட் ஹாப்பஸ் என்பவருடையது. லண்டனில் ஒரு காப்புறுதிக் கழகத்துக்கு அளவையாளராக இருந்தவர். 1736-இல் மரம், கல் முதலியவற்றை அளப்பதற்கான ஓர் அட்டவணைப் புத்தகத்தை வெளியிட்டார். பெருக்கல் தெரியாத தச்சனும் விரலை வைத்துத் தேடி விடையைப் படித்துக்கொள்ளலாம். அவர் இறந்த பிறகும் அந்தப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக மறுபதிப்பு வந்துகொண்டே இருந்தது. பிரிட்டிஷ் கொடி பறந்த காடுகளிலெல்லாம் அவர் பெயர் ஓர் அளவாகவே ஆகிவிட்டது. நம் ஊர்ப் பழைய மர வியாபாரிகள் 'ஹோப்பஸ் டன்' என்று சொல்வது இவரைத்தான்.

முறை மிகச் சுலபம். விழுந்து கிடக்கும் உருட்டு மரத்தின் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். வரும் சுற்றளவை நாலால் வகுக்க வேண்டும். அந்தக் கால் பங்கை ஒரு சதுரத்தின் பக்கமாக எடுத்துக்கொண்டு, சதுரத்தின் பரப்பை மரத்தின் நீளத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். வட்டத்தைச் சதுரமாக நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு மரத்தை வைத்துப் பார்ப்போம். நடுவில் 8 அடி சுற்றளவு, நீளம் 20 அடி. கால் பங்கு 2 அடி. இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இருபது, 80 ஹாப்பஸ் அடி. இனி உண்மையில் அந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று வட்டக் கணக்கில் போட்டால் வருவது கிட்டத்தட்ட 102 கன அடி. இருபத்திரண்டு கன அடி மரம் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. இது எந்த மரத்துக்கும் பொருந்தும். பருமன் எதுவாக இருந்தாலும் ஹாப்பஸ் கணக்கில் உண்மையான கன அளவில் 78.5 விழுக்காடுதான் வரும். பையை நாலால் வகுத்தால் வரும் எண் அது.

அக்காலத்தவருக்கு வட்டத்தின் பரப்பு தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். நம் கணக்கதிகாரத்தில் வரும் வட்ட விதியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கச் சொல்வது. நம் மரத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். சுற்றளவில் பாதி 4 அடி, விட்டத்தில் பாதி சுமார் 1.27 அடி. பெருக்கி வருவதை 20 அடி நீளத்தால் பெருக்கினால் அதே 102. துளி பிசகில்லை. லண்டனிலும் இது தெரிந்த விஷயம்தான். ஆகவே ஹாப்பஸின் 22 கன அடி அறியாமையில் தொலைந்ததல்ல. தெரிந்தே விட்டுக்கொடுத்தது.

ஏன்? வாங்குபவருக்கு உருண்டை மரம் வேண்டியதில்லை. உத்திரம் வேண்டும், பலகை வேண்டும். நம் 102 கன அடி மரத்திலிருந்து வெட்டக்கூடிய மிகப் பெரிய சதுர உத்திரம் சுமார் 65 கன அடிதான். மீதி நான்கு பக்கமும் ஓரப் பலகையாகவும் தூளாகவும் போய்விடும். விற்பவர் 102-க்குக் காசு கேட்டால் வாங்குபவர் கழிவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 65-க்குக் கொடுத்தால் விற்பவர் ஓரப் பலகையைச் சும்மா தாரை வார்க்க வேண்டும். 80 என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எண். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசி முடிப்பது போல, இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு பேரம். பேரத்துக்கு வடிவியல் உடை மாட்டிவிட்டார்கள்.

இந்தப் பேரம் எங்கும் ஒரே மாதிரி முடிந்ததில்லை. அமெரிக்காவில் டோய்ல் விதி என்று ஒன்று உண்டு. மரத்தின் விட்டத்திலிருந்து 4 அங்குலத்தைக் கழிவு என்று முதலிலேயே எடுத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கும். 8 அங்குல விட்டமும் 16 அடி நீளமும் கொண்ட மெல்லிய மரத்துக்கு அது 16 பலகை அடி என்று சொல்லும். 1906-இல் வந்த இன்னொரு அமெரிக்க விதி அதே மரத்துக்கு 40 என்கிறது. பெரிய மரத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. சின்ன மரத்தை விற்கும் சின்ன விவசாயிதான் அடிபடுவான்.

*

மலாயாவில் வனத்துறை ஒழுங்காக உருவாகத் தொடங்கியது 1901-இல். தலைமை வன அதிகாரியாக வந்த பர்ன்-முர்டாக் அதற்கு முன் பர்மாக் காடுகளில் வேலை பார்த்தவர். பர்மாவில் பழகிய அதே 50 அடி டன்தான் இங்கேயும் கணக்கேடுகளில் ஏறியது. காட்டில் விழுந்த மரத்தை அளந்து, அரசுக்குச் சேர வேண்டிய ராயல்டியைக் கணக்கிட்டு, மரத்தின் அறுபட்ட முகத்தில் வனத்துறைச் சுத்தியலால் முத்திரை அடித்த பிறகுதான் அது வெளியே போகலாம்.

அளக்கிற நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. கால்சுற்று நாடா என்று ஒரு தனி வகை இருந்தது. அதில் நாலு அங்குலத் தூரத்தை ஒரு அங்குலம் என்று அச்சிட்டிருப்பார்கள். மரத்தைச் சுற்றினாலே நாலால் வகுத்த விடை கிடைத்துவிடும். வேலைக்கு மிகவும் வசதி. ஆனால் அந்த நாடாவைப் பிடித்தவர் தன் வாழ்நாளில் மரத்தின் உண்மையான சுற்றளவைப் பார்த்திருக்கவே மாட்டார். பேரம் நாடாவுக்குள்ளேயே நெய்யப்பட்டுவிட்டது. சில தலைமுறை போனால் அது பேரம் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

இங்கேதான் எனக்கு மிகவும் வியப்பாக இருந்த இடம் வருகிறது. சாமிலின் முன்வாசலில் உருட்டு மரம் நுழைகிறது. அங்கே ஒரு டன் என்றால் 50 ஹாப்பஸ் அடி, உண்மையில் 1.8 கன மீட்டர். பின்வாசலில் அறுத்த பலகை வெளியே போகிறது. பலகைக்கு வட்டம் கிடையாது, நீளம் அகலம் கனத்தை நேராகப் பெருக்கலாம். அங்கே ஒரு டன் என்றால் உண்மையான 50 கன அடி, 1.416 கன மீட்டர். ஒரே கூரையின் கீழ், ஒரே தவுக்கேயின் ஒரே நோட்டில், ஒரே பெயரில் இரண்டு டன்!

இதனால் என்ன ஆகும்? வெட்டுமரத்தில் 55 விழுக்காடு பலகையாகத் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.8 கன மீட்டரில் 55 விழுக்காடு என்றால் 0.99 கன மீட்டர். அதைப் பலகை டன்னாக மாற்றினால் 0.7. நோட்டைப் பார்ப்பவருக்கு ஒரு டன் மரம் உள்ளே போய் 0.7 டன் பலகை வந்திருக்கிறது. 30 விழுக்காடுதான் கழிவு, பரவாயில்லை என்று தோன்றும். ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் தூளும் ஓரப் பலகையும் 45 விழுக்காடு. நடுவில் உள்ள 15 விழுக்காடு எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. யாரும் பொய் எழுதவில்லை. எல்லா எண்ணும் அதனதன் விதிப்படி சரி. ஆனால் அந்த 15 விழுக்காடும் ஒரு காட்டில் நின்ற மரம்தான்.

1972-இல் நம் நாட்டில் எடை அளவைச் சட்டம் வந்து, மெட்ரிக் முறைக்கு மாறினோம். அரசுப் புள்ளிவிவரங்களில் இப்போது கன மீட்டர்தான். ஆனாலும் மரக்கடைக்குப் போனால் 2-க்கு 4 என்று அங்குலத்தில்தான் பேசுகிறோம், நீளத்தை அடியில் கேட்கிறோம், மொத்தமாக வாங்கினால் டன். சட்டம் மாறி ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் டெலிவரி ஆர்டரில் வந்து நின்றது அந்தப் பழைய டன்தான்.

*

எடை யாருக்கும் தெரியாமல் இல்லை. 1918-இல் வன ஆராய்ச்சிக்காக வந்த ஃபாக்ஸ்வொர்த்தி, மலாயாவின் வணிக மரங்களைப் பற்றி 1927-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். கெப்போங்கில் 1929-இல் ஆராய்ச்சிக் கழகம் எழுந்தது. டெஷ் என்பவரின் மலாயா மரங்களின் கையேடு அதற்குப் பிறகு வந்தது. ஒவ்வொரு மரத்தையும் வெட்டி, உலர்த்தி, நிறுத்தி எழுதிவைத்தார்கள். செங்கால் கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ. ரப்பர் மரம் 560 முதல் 640. ஜெலுத்தோங் 500-ஐத் தாண்டாது. நான் அன்று கைப்பேசியில் பார்த்த பாலாவ் எண்ணும் இந்த உழைப்பின் வழிவந்ததுதான்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டு மரங்களைக் கனமானவை, நடுத்தரம், இலேசானவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கெம்பாஸ் மரம் சில சமயம் 1,000 கிலோவையும் தாண்டும், செங்காலைவிடக் கனமாக இருக்கும். ஆனால் அது நடுத்தர வகுப்பில்தான் இருக்கிறது. காரணம், முதல் வகுப்பில் சேர எடை மட்டும் போதாது. கறையானையும் பூஞ்சையையும் தானாகவே தாங்க வேண்டும். கெம்பாஸ் மருந்து ஊட்டினால்தான் தாங்கும். ஆக, டன் என்பது எடை இல்லை, 'கனமான' என்பதும் வெறும் எடை இல்லை. வணிகம் எடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வேறு எதையோதான் பேசிக்கொண்டிருக்கிறது!

எடையை நேராகச் சந்தித்தவர்கள் வேறு. ஆற்றில் மரம் விட்டவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். மெராந்தி மிதக்கும். பச்சைச் செங்கால் மூழ்கும், மிதக்கும் மரங்களோடு சேர்த்துக் கட்டினால்தான் அது ஊர்வலம் வரும். மூழ்குகிறது என்றாலே கன மீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் என்று பொருள். நம் பழைய உதாரண மரத்தைச் செங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் 80 ஹாப்பஸ் அடி, 1.6 டன். நிஜத்தில் 2.88 கன மீட்டர், அப்போதுதான் வெட்டியது என்றால் 2.9 டன்னுக்குக் குறையாது. நோட்டில் இருப்பதைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல்.

சரவாக்கின் சதுப்புக் காடுகளில் 'கூடா-கூடா' என்று ஒரு முறை இருந்தது. மரக்கட்டைகளைக் குறுக்கே அடுக்கிப் பாதை போட்டு, அதன் மேல் சறுக்குவண்டியில் மரத்தை ஏற்றி ஆட்கள் இழுத்து வருவார்கள். பெயரில்தான் குதிரை, இழுத்தது மனிதர்கள். தீபகற்பத்தில் போருக்குப் பின் ராணுவம் விட்டுப்போன லோரிகளை மாற்றியமைத்து 'சன் தாய் வோங்' ஆக்கினார்கள். சீனத்தில் மலையரசன் என்று பொருள். கூரையும் கதவும் இல்லாத அந்த வண்டிகள் மலைச்சரிவில் பாலாக் இறக்கி வருவதை நம் அப்பாக்கள் பார்த்திருப்பார்கள். அந்த வண்டியின் பிரேக்குக்கு ஹாப்பஸ் யார் என்று தெரியாது.

நான் புரிந்துகொண்டது இதுதான். விலை பேசுகிறவர்களுக்கு இடையில் ஹாப்பஸின் பிழை ஒரு பிழையே இல்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் டன் பெரியது என்று தெரியும், அதற்கேற்ப விலையைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். அரசும் ராயல்டி விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்த எல்லோருக்கும் கணக்கு நேராகிவிடும். மேசைக்கு வராதவர்களுக்குத்தான் அது நேராவதில்லை. காடு விலை பேசாது. பாலம் விலை பேசாது. கயிறு பிடித்து நிற்கிறவன் விலை பேசுவதில்லை. ஒரு டன் மெராந்திக்கும் ஒரு டன் செங்காலுக்கும் இடையில் உள்ள வேறுபாடு முழுவதும் அவன் பக்கத்தில்தான் போய் விழுகிறது.

*

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தாத்தா நினைவு வந்தது. அவர் ரயில்வே கேங்கில் இருந்தவர். ஜப்பானியர் காலத்தில் கிழக்குக் கரை ரயில் பாதையில் பெரும் பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி நம் இலக்கியம் எழுதியிருக்கிறது. பெயர்த்த பாதை போருக்குப் பின் மறுபடியும் போடப்பட்டது. தாத்தா இருபது வயதில் வேலைக்குப் போனது அந்த மறுபடியும் போட்ட பாதையில். நம் ஊரில் மைலுக்கும் கட்டை என்றுதான் பெயர். தாத்தா கட்டை கட்டையாகச் சிலிப்பர் கட்டை போட்டவர்.

குவாலா லிப்பிஸில் பாட்டி வீட்டுப் பின்வாசலில் ஒரு பழைய சிலிப்பர் கட்டை படியாகக் கிடக்கிறது. வேலையை விட்டு வரும்போது தாத்தா கேட்டு வாங்கி வந்ததாம். செங்கால். சிறு வயதில் அதன் ஆணித் துளைகளில் கோலி உருட்டி விளையாடியிருக்கிறேன். போன தீபாவளிக்குப் போனபோது நாடாவை எடுத்து அளந்தேன். நீளம் ஆறரை அடி, அகலம் 9 அங்குலம், கனம் 5 அங்குலம். கன அளவு இரண்டு கன அடிக்குச் சற்று மேல். செங்காலின் நடு அடர்த்தியை வைத்துப் பெருக்கினால் சுமார் 55 கிலோ.

பாட்டியிடம் கேட்டேன். ஒரு நாளைக்குத் தாத்தா எத்தனை கட்டை தூக்குவார்?

"அதெல்லாம் யாரு எண்ணுனா? ஒரு நா வந்து நாப்பதுன்னாரு. ரெண்டு பேரு முன்னப் பின்ன நின்னு தூக்கணும். மழ பேஞ்சா அன்னிக்குச் சோறு கூட ஒரு கை கேக்கும்."

நாற்பது. நான் உடனே கணக்கில் இறங்கிவிட்டேன். 40 கட்டை என்றால் 81 கன அடி. மரக்காரர் நோட்டில் 1.6 டன். தராசில் 2,200 கிலோ. இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு 1,100 கிலோ, காய்ந்த மரமாக இருந்தால். ஆனால் கேங்கில் இந்த இரண்டு எண்ணும் கிடையாது. அங்கே சம்பளம் நாளுக்கு, மரம் எண்ணிக்கைக்கு. கட்டையின் எடையை எழுத ஒரு கட்டம் எந்தத் தாளிலும் இருந்திருக்காது. அது எழுதப்பட்ட ஒரே இடம் தாத்தாவின் வலது தோள். அங்கே ஒரு காய்ப்பு இருந்தது. குழந்தையாக இருந்தபோது அதைத் தொட்டுப் பார்த்து "இது என்னா தாத்தா?" என்று கேட்டிருக்கிறேன். என்ன பதில் சொன்னார் என்று நினைவில்லை.

கணக்கு போதவில்லை, நிறுத்துப் பார்த்துவிடுவோம் என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு கட்டையைக் கிளப்பினேன். தெருமுனையில் பழைய இரும்புக் கடை இருக்கிறது. வேனில் போட்டுக் கொண்டுபோய் அவர்கள் தராசில் வைத்தோம். 47 கிலோ. என் கணக்குக்கு எட்டு கிலோ குறைவு. ஓரங்கள் தேய்ந்திருந்தன, அடிப்பக்கம் ஈரத்தில் உளுத்துக் குழிவிழுந்திருந்தது, ஆணித் துளைகள் வேறு. நாடா வெளிப்புறத்தைத்தான் அளக்கும்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். "நாப்பத்தேழா? உங்க தாத்தா நூறு கிலோன்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தாரு" என்று சிரித்தார். பிறகு, "சரி சரி, எடுத்த எடத்துலயே போடுங்க. அது இல்லாம எனக்குக் கால் வெக்க முடியல" என்றார்.

இப்போதெல்லாம் சைட்டில் மரம் வந்து இறங்கினால் டெலிவரி ஆர்டரில் டன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நானே இரண்டு எண் எழுதிவைக்கிறேன். ஒன்று கன மீட்டர், இன்னொன்று கிலோ. நனைந்திருந்தால் அதையும் குறித்துவைக்கிறேன். சப்ளையருக்கு அது தேவையில்லை, கணக்கு கிளார்க்குக்கும் தேவையில்லை. கயிறு பிடிக்கிறவர்கள் கேட்டால் சொல்வதற்கு வேண்டும்.

அன்று கட்டையை வேனிலிருந்து பின்வாசலுக்கு நானும் தம்பியும் முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போனோம். முப்பது அடி இருக்கும். இரண்டு முறை இறக்கி வைத்தோம்.